காலி பிக்கப்பும் கமான் பட்டையும்

கம்பம், கூடலூர், போடி பக்கம் டபுள் கேபின் பிக்கப் வாங்குகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தடா அருகே ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸ் 2016-இல் வந்தபோது தொடங்கிய ஆசை இது. 2022-இல் டொயோட்டா ஹைலக்ஸும் வந்த பிறகு இன்னும் வளர்ந்திருக்கிறது. வண்டி எடுத்த ஒரு மாதத்துக்குள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இன்ஜின் சூப்பரா இருக்கு, ஆனா பின்னாடி தூக்கிப் போடுது." அடுத்து ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். கமான் பட்டையை, அதாவது பின்னால் எடையைத் தாங்கும் அடுக்கடுக்கான எஃகுத் தகடு ஸ்ப்ரிங்கை, தூக்கிப் போட்டுவிட்டு காயில் (சுருள்) ஸ்ப்ரிங் போடச் சொல்வார் ஒருவர். வண்டியின் உயரத்தை நாலு இஞ்ச் இறக்கச் சொல்வார் இன்னொருவர். ஸ்ப்ரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போட்டால் கார் மாதிரி போகும் என்பார் மூன்றாமவர். இதில் எதுவும் செய்யாமல் ஒரு பட்டையை மட்டும் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோட்டில் ஓட்டுகிற, வாரத்தில் சில நாளாவது லோடு ஏற்றுகிற, கொஞ்சம் வேகமாக ஓட்ட ஆசைப்படுகிற பிக்கப்புக்குக் கமான் பட்டையே சரி. அதை மாற்றுவதற்காகச் செலவு செய்வதைவிட, பட்டைகளுக்கு நடுவே இருக்கும் உராய்வையும், ஷாக்கையும் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்), ஆக்சில் முறுக்கிக்கொள்வதையும் ஒழுங்குபடுத்தச் செலவு செய்யுங்கள். இந்த வரிசையும் முக்கியம். வரிசை மாறினால் பணம் போகும், வண்டி அப்படியேதான் இருக்கும்.

எங்கள் ரோடு பின் சஸ்பென்ஷனிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரை தேசிய நெடுஞ்சாலை 183 பள்ளத்தாக்கின் அடியில் நேராகப் போகிறது. இருபக்கமும் திராட்சைப் பந்தல், தென்னை, வயல். அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் போகும். லோயர் கேம்ப்பில் பெரியாறு மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். குமுளிக்குள் ஏறி முடிக்கும்போது கம்பத்தைவிட ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருப்போம். கம்பம்மெட்டு வழி இன்னும் குறுகல். போடிமெட்டு வழியில் 17 கொண்டை ஊசி வளைவு. ஏலக்காய் எடுப்புக் காலத்தில் காலையில் ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் வரிசை கட்டும். மழை முடிந்ததும் வளைவுகளின் உள்பக்கம் தார் பெயர்ந்து வரிவரியாக நிற்கும். இந்த ரோட்டில் பெர்பார்மன்ஸ் என்றால் மூன்று விஷயம்: வளைவிலிருந்து வெளியே வரும்போது பின் சக்கரம் தரையைப் பிடித்திருக்க வேண்டும், இறக்கத்தில் பிரேக் அடித்தால் பின்பக்கம் குதிக்கக் கூடாது, வரிவரியான தாரில் வண்டி பக்கவாட்டில் நகரக் கூடாது. மணிக்கு 160 போவது இங்கே யாருக்கும் வேண்டாம்.

இந்த மூன்றையும் கெடுப்பது காலி வண்டிதான். ஏன் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வண்டியின் எடையைத் தாங்கும்போது ஸ்ப்ரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், வண்டி நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது கிடைத்துவிடும். சொகுசான கார்களில் இது ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் இருக்கும். பிக்கப்பில் காலி வண்டிக்குப் பின் பட்டை 5 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 2.2 வரும். அதைத்தான் நம் முதுகு "தூக்கிப் போடுது" என்கிறது. அதே வண்டியில் 500 கிலோ ஏற்றினால் 9 சென்டிமீட்டர் அமுங்கும், கணக்கு 1.7-க்கு வந்துவிடும். அதனால்தான் நாலு மூட்டை உரத்தையாவது பின்னால் போட்டுக்கொண்டு போனால் வண்டி மெத்தென்று போகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரியான பேச்சு அது.

அப்படியானால் காலி வண்டியிலேயே 16 சென்டிமீட்டர் அமுங்கும் மெல்லிய ஸ்ப்ரிங்கைப் போட்டால் என்ன? கார் போல 1.25 கிடைக்குமே? கிடைக்கும். ஆனால் அந்த ஸ்ப்ரிங்கின் மேல் 500 கிலோ ஏற்றினால் இன்னும் 13 சென்டிமீட்டர் இறங்கும். ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே அவ்வளவு இடம் கிடையாது. வண்டி ரப்பர் ஸ்டாப்பரில் போய் உட்கார்ந்துவிடும், அதற்கு மேல் ஸ்ப்ரிங்கே இல்லாத மாதிரிதான். இந்தச் சிக்கலுக்கும் ஸ்ப்ரிங் பட்டையா காயிலா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. காலி எடைக்கும் லோடு எடைக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் காரணம். காயில் போட்டாலும் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும். "காயில் போட்டா சொகுசு" என்று சொல்கிறவரிடம் முதலில் "எத்தனை கிலோ ஏத்துவீங்க?" என்று கேளுங்கள்.

காயிலுக்கு உண்மையான நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. கமான் பட்டை ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. எடையையும் தாங்கும், ஆக்சில் முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ போகாமலும், சுழன்றுவிடாமலும் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது வேலையில்தான் அதற்குச் சிரமம். சக்கரம் முன்னால் சுழலும்போது ஆக்சில் ஹவுசிங் எதிர்ப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். ஆக்சிலின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் கிரவுனின் மூக்கு மேலே தூக்கும். பட்டையின் முன்பாதி அதைத் தடுக்கும், தடுக்கும்போது அதுவும் நெளியும்.

எவ்வளவு முறுக்குவிசை என்று தோராயமாகப் பார்க்கலாம். இன்ஜின் 360 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் ஏறக்குறைய 4, கிரவுன் விகிதம் ஏறக்குறைய 4 என்றால் பின் சக்கரங்களுக்கு 5,700 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகிறது. காலி வண்டியின் பின் ஆக்சிலில் நிற்கும் எடை 800 கிலோ என்று வைத்தால், காய்ந்த தாரில் டயர் தாங்குவது சுமார் 2,300தான். மழையில் 1,500-கூடத் தேறாது. ஆக, கொண்டை ஊசியில் முதல் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் டயர் பிடி விடுவது உறுதி. விடும் அந்த நொடியில் நெளிந்திருந்த பட்டை விடுபட்டு நிமிரும், டயர் மறுபடி பிடிக்கும், பட்டை மறுபடி நெளியும். அடுத்தடுத்து இதுவே நடக்கும்போது பின்பக்கம் 'தடதட'வென்று அடிக்கும். இறக்கத்தில் பிரேக் அடிக்கும்போது இதே கதை எதிர்த்திசையில். வண்டியைத் 'தூக்கிப் போடுவது' வேறு, இந்தத் 'தடதட' வேறு. இரண்டுக்கும் மருந்தும் வேறு. நம் ஆட்கள் இரண்டையும் ஒரே நோயாக நினைத்து ஒரே மருந்து வாங்குகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

ரோட்டில் வேகமாக ஓட்ட பிக்கப்பைத் தயார் செய்வது அமெரிக்காவில் பெரிய கலை. அங்கே என்ன செய்தார்கள் என்று பார்த்தால் நம் முடிவு எளிதாகும். 1960-களில் ஷெவர்லே சி-10 பிக்கப்பின் பின்னால் காயில் ஸ்ப்ரிங்கும், ஆக்சிலிலிருந்து முன்னோக்கி வண்டியின் நடுப்பகுதி வரை ஓடும் இரண்டு நீளமான கைகளும் இருந்தன. ஆக்சில் பக்கவாட்டில் போகாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பி, அதற்குப் பெயர் பான்ஹார்ட் ராடு. கைகள் நீளம் என்பதால் முறுக்கு முழுக்க அவற்றில் போய்விடும், ஸ்ப்ரிங்குக்கு எடை தாங்கும் வேலை மட்டும்தான். 'டிரக் ஆர்ம்' என்ற பெயரில் இதே அமைப்பை அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்கள் பல பத்தாண்டு வைத்திருந்தன. 2022-இல் நாஸ்காரின் முதன்மையான கப் பந்தயத்துக்குப் புதிய கார் வந்த பிறகுதான் அங்கே இது போனது. பழைய பிக்கப் அமைப்பு ஒன்று பந்தயத்தில் இவ்வளவு காலம் நின்றதை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இன்னொரு வழி ஃபோர் லிங்க். கீழே இரண்டு கை, மேலே இரண்டு கை. மேல் கைகளை முக்கோணமாகச் சாய்த்து வைத்தால் பக்கவாட்டையும் அவையே பார்த்துக்கொள்ளும். நேராக வைத்தால் பான்ஹார்ட் ராடு தனியாக வேண்டும். கைகளின் கோணத்தை மாற்றி, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பின்பக்கம் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதைக்கூட நாமே அமைத்துக்கொள்ளலாம். பெரிய கம்பெனிகளும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. 2009-இல் ராம் 1500-க்குப் பின் காயில் வந்தது, 2018-இல் ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர் காயிலோடு, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் வாட்ஸ் லிங்கேஜும் போட்டு வந்தது. சரியாக வடிவமைத்த ஃபோர் லிங்க் கமான் பட்டையைவிடச் சிறந்தது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2004-இல் அப்போதைய உலகின் அதிவேக பிக்கப் என்று பதிவான டாட்ஜ் ராம் எஸ்ஆர்டி-10, 8.3 லிட்டர் வி-10 இன்ஜினோடு மணிக்கு 248 கிலோமீட்டர் போனது. பின்னால் இருந்தது கமான் பட்டை. ஃபோர்டு லைட்னிங் 380 குதிரைத்திறனைப் பின் பட்டையோடுதான் ரோட்டுக்குக் கொண்டுவந்தது. நம் டீசல் பிக்கப்பில் இருப்பது ஏறக்குறைய அதில் பாதிதான். ஆகவே "பவருக்குப் பட்டை தாங்காது" என்ற பேச்சை விட்டுவிடலாம்.

கம்பெனி செய்யும் ஃபோர் லிங்க் வேறு, நம்மூர் பட்டறையில் செய்யும் ஃபோர் லிங்க் வேறு. பட்டறையில் சேசிஸில் பிராக்கெட் வெல்டிங் அடிக்க வேண்டும், பட்டை தாங்கிய இடத்தை அறுக்க வேண்டும், பெட்டியின் அடியில் ஸ்ப்ரிங்குக்கு மேடை கட்ட வேண்டும். சேசிஸ் எங்கே வளைந்து கொடுக்க வேண்டும் என்று வடிவமைத்தார்களோ அங்கே ஒரு விறைப்பான இடம் உண்டாகும், அதன் ஓரத்தில் விரிசல் விழும். இது ஒருபுறம். சட்டம் இன்னொருபுறம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. மெட்டு ஏறி இறங்குகிற நமக்கு இரண்டு மாநில சோதனையும் உண்டு, கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் கெடுபிடி. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பதும் அங்கேதான். கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பாத எந்த வேலையையும் ரோட்டு வண்டியில் செய்யாதீர்கள். தோட்டத்துக்குள்ளோ டிராக்கிலோ மட்டும் ஓடும், லோடே ஏற்றாத பழைய வண்டி என்றால் ஃபோர் லிங்க் பற்றி உட்கார்ந்து பேசலாம். அதற்கும் கோணங்களைக் கணக்குப் போடத் தெரிந்த ஆள் வேண்டும், வெல்டிங் தெரிந்த ஆள் மட்டும் போதாது.

இனி செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதல் வேலைக்குக் காசே வேண்டாம்: டயர் காற்று. டிரைவர் கதவு ஓரத்தில் இருக்கும் ஸ்டிக்கரில் காலி வண்டிக்கு எவ்வளவு, லோடுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். லோடுக்கு ஏற்றிய காற்றோடு காலியாக மலை ஏறுகிறவர்கள்தான் நம்மூரில் பாதிப்பேர்.

அடுத்தது பட்டையைப் பிரிப்பது. கம்பத்தில் நான் போகும் பட்டை பட்டறைக்குக் குமுளி, வண்டன்மேட்டிலிருந்தும் வண்டிகள் இறங்கி வரும். அங்கே என் பிக்கப்பின் செட்டைப் பிரித்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். சென்டர் போல்ட்டைக் கழற்றியும் பட்டைகள் பிரியவில்லை. மேஸ்திரி இரண்டு பட்டைக்கு நடுவே உளியை வைத்து ஒரு அடி கொடுத்த பிறகுதான் விட்டன. நடுவே செம்மண் நிறத்தில் துரு, காய்ந்த சேறு. முனை உரசும் இடத்தில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. பிளாஸ்டிக் லைனர் இருந்த இடத்தில் அதன் கிழிசல் மட்டும் மிச்சம். இந்தப் பட்டை சின்ன மேடு பள்ளத்துக்கு அசையவே அசையாது. உராய்வை வென்று நழுவும் அளவுக்குப் பெரிய அடி விழுந்தால்தான் வேலை செய்யும். அதுவரை டயர் மட்டும்தான் ஸ்ப்ரிங்.

நான் கேட்டேன், "அண்ணே, அடிப் பட்டையைக் கழட்டிட்டா மெத்துனு போகும்ங்கிறாங்களே?"

"யாரு தம்பி சொன்னது?" என்றார். செட்டை அப்படியே திருப்பி வைத்துக் காட்டினார். "காலி வண்டியில இது மேல் பட்டையைத் தொடுதா பாரு. தொடல. தொடாததைக் கழட்டி என்ன பிரயோசனம்? வண்டி கொஞ்சம் இறங்கும், லோடு ஏத்துனா உட்காந்துரும். அம்புட்டுதான்."

அடியில் தடித்து, கிட்டத்தட்ட நேராக இருப்பது லோடுக்கான பட்டை. லோடு ஏறி மேல் பட்டைகள் நிமிர்ந்து வந்து அதில் படும்போதுதான் அது வேலையைத் தொடங்கும். சரி, நடுவில் இருப்பதைக் கழற்றலாமா? அதுவும் ஆபத்து. பட்டைகள் படிப்படியாக நீளம் குறைந்து வருவதே வளைவின் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவத்தான். ஒரு படியை எடுத்துவிட்டால் அதன் முனை இருந்த இடத்தில் மேல் பட்டைக்கு அழுத்தம் கூடி, அங்கே ஒடியும். இரண்டாம் பட்டையைத் தொடவே கூடாது. மெயின் பட்டை கண் பக்கம், அதாவது முனையில் போல்ட் போகும் வளையத்தின் பக்கம், ஒடிந்தால் ஆக்சில் ஓடிவிடாமல் பிடிப்பது அதுதான். மெட்டு ரோட்டில் ஆக்சில் நகர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

உட்கார்ந்துபோன பட்டையை அடித்து வளைத்துத் தருகிறோம் என்பார்கள். பச்சையாக அடித்து வளைத்தது கொஞ்ச நாளில் மறுபடி உட்காரும். உலையில் காய்ச்சி வளைத்து, முறையாக எண்ணெயில் குளிரவைத்து மறுபடி பதமும் ஏற்றவில்லை என்றால் அது பட்டையே இல்லை, வெறும் இரும்பு. 65எஸ்ஐ7, 50சிஆர்வி4 என்ற எஃகு வகைகளுக்கு உயிரே அந்தப் பதம்தான். பட்டையின் மேல்பரப்பில்தான் இழுவிசை நிற்கிறது, அதனால் அங்கே விழும் ஒரு சின்ன வெட்டும் விரிசலுக்கு விதை. பட்டைக்குப் பக்கத்தில் வெல்டிங் அடிப்பவரை, வெல்டிங் எர்த்தைப் பட்டையில் மாட்டுபவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உட்கார்ந்துவிட்டது என்றால் புதுப் பட்டை வாங்குங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

என் செட்டில் பட்டைகள் நல்ல நிலையில் இருந்தன. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் பூசி, முனைகளில் புது லைனர் வைத்து, புஷ் எல்லாம் மாற்றி மாட்டினோம். அடுத்த நாள் லோயர் கேம்ப் ஏற்றத்தில் சின்னச் சின்ன அதிர்வு பாதிக்கு மேல் போய்விட்டது. கூடவே புதிதாக ஒன்று தெரிந்தது: ஒரு மேட்டைத் தாண்டினால் பின்பக்கம் இரண்டு மூன்று முறை மிதந்தது.

பட்டறை வேலை சரியில்லை என்று பலர் சண்டைக்குப் போகும் இடம் இது. நடந்தது வேறு. துருப்பிடித்த பட்டையின் உராய்வு இதுவரை ஷாக்கின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நீக்கியதும், ஷாக் எப்போதோ செத்துப்போயிருந்தது வெளியே தெரிந்துவிட்டது. பட்டையைத் துடைக்காமல் முதலில் விலையுயர்ந்த ஷாக் வாங்கிப் போட்டிருந்தால், இரண்டும் சேர்ந்து ஆக்சிலை இறுக்கிப் பிடித்து, வண்டி முன்னைவிட முரடாகியிருக்கும். "பதினெட்டாயிரம் போட்டேன், ஒண்ணும் பிரயோசனமில்லை" என்ற புலம்பல் இந்த வரிசைக் கோளாறிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது.

ஷாக் வாங்கும்போது ஓல்டு மேன் இமு, ஐயன்மேன், பில்ஸ்டைன் என்று பெயரைப் பார்க்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வால்விங் (ஷாக்கின் உள்ளே எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) எந்த லோடுக்கு? வெளிநாட்டில் பிக்கப்புக்குத் தயாராகும் ஷாக்குகளில் பல, பின்னால் எப்போதும் 200, 300 கிலோ கூடாரச் சாமானோடு போகும் வண்டிக்கானவை. அவற்றோடு வரும் ஸ்ப்ரிங்கும் அப்படியே. 'ஹெவி டியூட்டி' என்று பெட்டியில் எழுதியிருக்கிறது என்று வாங்கிப் போட்டால் காலி வண்டி இன்னும் துள்ளும். குறிப்பாக ரிபவுண்டு, அதாவது ஷாக் நீளும்போது காட்டும் எதிர்ப்பு, அளவுக்கு மேல் போனால் வரிவரியான தாரில் ஒரு மேட்டுக்கு மேலேறிய சக்கரம் கீழே வந்து சேரும் முன்பே அடுத்த மேடு வந்துவிடும். வண்டி படிப்படியாகக் கீழே இறங்கி, பின்பக்கம் பக்கவாட்டில் நழுவும். கம்பம்மெட்டு வளைவுகளில் இது விளையாட்டு விஷயமில்லை. காலி வண்டிக்கோ லேசான லோடுக்கோ வால்விங் செய்த மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) கேஸ் ஷாக் என் தேர்வு. அழுத்தத்தில் இருக்கும் வாயு எண்ணெயை நுரைக்க விடாது, அதனால் நீண்ட கெட்ட ரோட்டிலும் ஷாக் தளராது. ஒரு ஷாக் ஆக்சிலுக்கு முன்னும் இன்னொன்று பின்னும் சாய்ந்து நிற்கும் அமைப்பு உங்கள் வண்டியில் இருந்தால் அதை மாற்றிவிடாதீர்கள். முறுக்கில் வரும் 'தடதட'வைக் குறைக்கவே அப்படி வைத்தார்கள். 1967 ஷெவர்லே காமரோ காரில் இந்தத் தொல்லை வந்ததும், 1968-இல் ஷெவர்லே செய்த திருத்தமே இதுதான்.

பட்டையும் ஷாக்கும் முடிந்ததும் லோடுப் பக்கம் வரலாம். ஏலக்காய் மூட்டை, உரம், திராட்சைக் கூடை என்று ஏற்றுகிறவருக்கு எக்ஸ்ட்ரா பட்டை சேர்ப்பது பழைய வழக்கம். அது காலி வண்டியையும் சேர்த்து முரடாக்கும். இங்கேதான் ஏர் பேக்குக்கு இடம். ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு காற்றுப் பை. காலியில் குறைந்த காற்று, லோடு ஏற்றினால் கூடுதல் காற்று. காலி வண்டியை இது மெத்தென்று ஆக்காது, அந்த நினைப்பில் வாங்காதீர்கள். லோடில் வண்டி சாயாமல், ஹெட்லைட் வானத்தைப் பார்க்காமல் நிற்கும், அதற்காக வாங்கலாம். எச்சரிக்கையும் உண்டு. பட்டை எடையை முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் சேசிஸுக்குக் கொடுக்கிறது. பை நடுவே ஒரே இடத்தில் தள்ளுகிறது. ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளி அளவுக்கு மீறி ஏற்றிவிட்டு, பையில் காற்றடித்து வண்டியை மட்டமாக நிறுத்தினால் சேசிஸ் முதுகு வளையும். வண்டி மட்டமாக நிற்கிறது என்பதற்காக அதன் தாங்கும் எடை கூடிவிடாது.

இறக்குவதும் ஏற்றுவதும் எனக்குப் பிடிக்காது. காரணம் அழகு அல்ல, பிரேக். பல பிக்கப்களில், முக்கியமாகப் பழையவற்றில், பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்த லோடு சென்சிங் வால்வு உண்டு. சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துத்தான் லோடு எவ்வளவு என்று அது முடிவு செய்யும். வண்டியை இறக்கினால் லோடு இருப்பதாக நினைத்துப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டி, இறக்கம், மழை, பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பிவிடும். ஏற்றினால் இதற்கு நேர்மாறு. முழு லோடிலும் பின் பிரேக் பாதி தூக்கத்தில் இருக்கும். உயரத்தை மாற்றிய கையோடு இந்த வால்வையும் திருத்தியதாகச் சொன்ன பட்டறை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து ஏற்றுவதில் இன்னொரு தீமை: கட்டையின் உயரம் முறுக்குக்கு நெம்புகோலாகிவிடும், 'தடதட' கூடும்.

பின்பக்கம் ஆன்டி ரோல் பார் போடச் சொல்வார்கள். வளைவில் சாய்வு குறையும், உண்மை. ஆனால் உள்பக்கச் சக்கரத்தையும் அது தூக்கும். பூட்டும் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் கொண்டை ஊசியின் உள்சக்கரம் சும்மா சுழலும், வண்டி ஏறாது. நெடுஞ்சாலைக்கு மட்டும் என்றால் போடலாம், மெட்டு ஏறுகிறவர் விட்டுவிடலாம்.

டிராக்‌ஷன் பார் கடைசியில்தான். இன்ஜினுக்கு ரீமேப் போட்டு டார்க் கூட்டியவர்களுக்கு அது தேவைப்படலாம். ஆக்சிலோடு பட்டைக்கு அடியில் கட்டி, முன் கண்ணுக்குக் கீழே ரப்பரோடு முடியும் எளிய வகை போதும். முறுக்கு வரும்போது ரப்பர் மேலே முட்டி நெளிவை நிறுத்தும், மற்ற நேரம் எதையும் தொடாது. ஆக்சிலிலிருந்து சேசிஸுக்கு இரண்டு முனையும் இறுக்கமாகப் பூட்டும் கம்பி வகையில் ஒரு சிக்கல் உண்டு. பட்டை அசையும் வளைவும் கம்பி அசையும் வளைவும் வேறு வேறு. ஒரு முனையில் ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பு இல்லையென்றால் இரண்டும் மல்லுக்கு நிற்கும்.

மாட்டும்போது பட்டறையில் நின்று பார்க்க வேண்டியவை: பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றினால் மறுபடி போட விடாதீர்கள், ஒருமுறை இழுத்து நீண்டது மறுபடி சரியாகப் பிடிக்காது, புதிது வாங்குங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று எடை விழுந்த பிறகு இறுக்க வேண்டும், இல்லையென்றால் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். 500 கிலோமீட்டர் ஓடியதும் திரும்பப் போய் யூ போல்ட்டை இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள். பழைய ரப்பர் ஸ்டாப்பர் கல்லாகிப் போயிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அமுங்க அமுங்கப் படிப்படியாக இறுகும் பாலியூரிதேன் வகை கிடைக்கிறது, விலை அதிகமில்லை.

இவ்வளவும் ஆனபின் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை காலியாக ஒருமுறை, வழக்கமான லோடோடு ஒருமுறை, அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் 'தடதட'க்கவில்லை என்றால் டிராக்‌ஷன் பாருக்கு வைத்த பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.